கைத்தன்மைக் காந்த விளைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளோடு பாடத்திட்டத்துக்கு வெளியே சில விடயங்களைப் பேசுவதுண்டு. பாரமான அணுக்கருக்களை மோதவிட்டு அதற்குள் குவாண்டம் பிறழ்வின் தடத்தைத் தேடுகிற ஆய்வு பற்றிப் பேசியதிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. அங்கே தேடுவது கைத்தன்மைக் காந்த விளைவை: மின்புலம் இல்லாமலே, காந்தப்புலத்தின் திசையில் ஒரு மின்னோட்டம் பாய்வது. முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்தவையும் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

அவசரக்காரருக்கு மூன்று வரி. கோட்பாடு உறுதியானது. அதே விளைவின் இன்னொரு வடிவம் பளிங்குகளில் காணப்பட்டுவிட்டது. அணுக்கரு மோதல்களில் அது இன்னும் நிறுவப்படவில்லை. "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அது பிழை. "பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்பதும் பிழைதான்.

எதை எதனோடு மோதவிடுகிறார்கள்?

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில் புரூக்கேவன் தேசிய ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே 'ரிக்' என்ற ஆர்முடுக்கி 2000ஆம் ஆண்டு மோதல்களைத் தொடங்கி, 2026 தொடக்கத்தில் நிறுத்தியது. சுற்றளவு சுமார் 3.8 கிலோமீற்றர். தங்க அணுக்களிலிருந்து இலத்திரன்களை முழுவதும் உரித்துவிட்டு, மிஞ்சும் கருக்களை இரண்டு எதிர்த் திசைகளில் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, சில இடங்களில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒவ்வொரு சோடித் துணிக்கைக்கும் (அதாவது இந்தப் பக்கத்தில் ஒரு புரோத்தன் அல்லது நியூத்திரன், அந்தப் பக்கத்தில் ஒன்று) 200 கிகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தி. ஜெனீவாவில் சேர்ன் நிறுவனத்தின் 27 கிலோமீற்றர் வளையமான எல்.எச்.சி.யில் இதையே ஈயக் கருக்களை வைத்து, இருபது மடங்குக்கும் மேலான சக்தியில் செய்கிறார்கள்.

மோதிய இடத்தில் வெப்பநிலை சுமார் 4 இலட்சம் கோடி பாகை செல்சியசுக்குப் போகும். சூரியனின் நடுவில் இருப்பது ஒன்றரைக் கோடி பாகைதான். அந்தச் சூட்டில் புரோத்தனும் நியூத்திரனும் தனித்தனியாக நிற்க முடியாது. அவற்றுக்குள் அடைபட்டிருந்த குவார்க்குகள் என்ற சிறு துணிக்கைகளும், அவற்றைப் பிணைத்துவைத்திருந்த குளுவோன்களும் வெளியே வந்து ஒரு திரவமாக ஓடும். இதுதான் குவார்க்கு–குளுவோன் பிளாஸ்மா. பிறந்து சுமார் 10⁻²³ செக்கன் அளவில் விரிந்து, குளிர்ந்து, மறுபடி சாதாரணத் துணிக்கைகளாக உறைந்துவிடும். உணரிகளுக்கு வந்து சேர்வது அந்தத் துணிக்கைகள் மட்டுமே. பிளாஸ்மாவை நேரே கண்டவர் எவரும் இல்லை.

சேர், 'பிறழ்வு' என்றால் ஏதோ பிழை நடந்துவிட்டதா?

பிழை எதுவும் இல்லை. சாதாரணப் பௌதிகவியலின் சமன்பாடுகளில் ஒரு சமச்சீர் இருக்கும். அதனால் ஒரு கணியம் காக்கப்படும். அதே சமன்பாட்டைக் குவாண்டம் முறையில் ஒழுங்காகக் கணக்கிட்டால் அந்தக் காப்பு விதி உடைந்துவிடும். வெளியிலிருந்து யாரும் வந்து உடைக்கவில்லை; குவாண்டம் முறையே உடைக்கிறது. இதைத்தான் பிறழ்வு என்கிறார்கள்.

இது வெளியே வந்த கதை நல்ல கதை. மின்னேற்றமில்லாத பையோன் என்ற துணிக்கை சுமார் 8.4 × 10⁻¹⁷ செக்கனில் இரண்டு போட்டன்களாகச் சிதைகிறது. ஆனால் 1960களில் இருந்த சமச்சீர் வாதத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், இந்தச் சிதைவு அநேகமாக நடக்கவே கூடாது. பரிசோதனையிலோ அது தாராளமாக நடக்கிறது. 1969இல் ஸ்ரீபன் அட்லர் ஒரு பக்கம், ஜோன் பெல்லும் ரோமன் ஜக்கீவும் இன்னொரு பக்கம், காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மூலைகள் கொண்ட ஒரு குவாண்டம் வரைபடத்தைக் கணக்கிடும்போது இரண்டு காப்பு விதிகளை ஒன்றாகக் காப்பாற்ற முடியாது. மின்னேற்றக் காப்பை வைத்திருக்கவேண்டும் என்றால் மற்றதை விட்டுக்கொடுக்கவேண்டும். அந்த மற்றது கைத்தன்மைக் காப்பு. (குவாண்டம் பின்னலைப் பற்றிய பெல் சமனிலி கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே பெல்தான்.)

குவார்க்கு ஒவ்வொன்றும் மூன்று 'நிறங்களில்' (உண்மை நிறமல்ல, ஒரு வகை ஏற்றத்தின் பெயர்) உண்டு என்று எடுத்துக்கொண்டால்தான் பையோனின் சிதைவு வீதம் அளவீட்டோடு பொருந்துகிறது. ஒரே நிறம் என்றால் வீதம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பிறழ்வு என்பது யாரோ கற்பனையில் கட்டியது இல்லை. ஒரு துணிக்கையின் ஆயுளில் நேரே எழுதிக்கிடக்கிறது.

கைத்தன்மை என்றால்?

துணிக்கைக்கு ஒரு சுழற்சி உண்டு. சுழற்சியின் திசையும் ஓடும் திசையும் ஒன்றாக இருந்தால் வலக்கை, எதிராக இருந்தால் இடக்கை. திணிவு இருந்தால் இது நிலையானதல்ல, ஏனென்றால் துணிக்கையை முந்திப்போய்த் திரும்பிப் பார்ப்பவருக்கு ஓடும் திசை மாறித் தெரியும். திணிவில்லாத துணிக்கை ஒளியின் வேகத்தில் ஓடுவதால் அதை முந்த முடியாது, கைத்தன்மையும் மாறாது.

மேல், கீழ் என்ற பெயர் கொண்ட இரண்டு வகைக் குவார்க்குகளுக்குத் திணிவு உண்டுதான், சில மெகா இலத்திரன்வோல்ற்று. ஆனால் பிளாஸ்மாவின் வெப்பச் சக்தி சில நூறு மெகா இலத்திரன்வோல்ற்று. ஆகவே திணிவில்லாதவை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படி மாறாத ஒன்றைக் குவாண்டம் எப்படி மாற்றுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம். நான் சொல்லப்போகும் விளக்கம் நீல்சனும் நினோமியாவும் 1983இல் கொடுத்தது.

நேர் மின்னேற்றமுள்ள, திணிவில்லாத துணிக்கைகளை ஒரு வலுவான காந்தப்புலத்துக்குள் வையுங்கள். புலத்துக்குக் குறுக்கே ஓட முடியாமல் வட்டமடிக்கும்; அது உங்களுக்குத் தெரிந்த F = Bqv தான். குவாண்டத்தில் அந்த வட்டங்களுக்குக் குறிப்பிட்ட சக்தி மட்டங்கள் மட்டுமே உண்டு. மிகக் கீழ் மட்டத்தில் ஒரு விசேடம்: அங்கே சுழற்சி காந்தப்புலத்தின் திசையில் மட்டுமே இருக்கலாம். சுழற்சி ஒரே திசை என்றால், வலக்கைத் துணிக்கைகள் எல்லாம் புலத்தின் வழியே ஓடவேண்டும். இடக்கை எல்லாம் புலத்துக்கு எதிராக ஓடவேண்டும். வேறு வழி இல்லை.

இப்போது அதே திசையில் ஒரு மின்புலத்தையும் போடுங்கள். எல்லாத் துணிக்கைகளும் அந்தத் திசையில் தள்ளப்படும். வலக்கைத் துணிக்கைகளுக்கு உந்தம் கூடும், சக்தி ஏறும். இடக்கைத் துணிக்கைகள் எதிரே ஓடிக்கொண்டிருப்பதால் அவற்றின் சக்தி இறங்கும். டிராக்கின் கொள்கைப்படி பூச்சியத்துக்குக் கீழேயும் முடிவில்லாமல் மட்டங்கள் இருக்கின்றன, எல்லாம் நிரம்பியவை. ஆகவே வலக்கைப் பக்கத்தில் கீழேயிருந்து துணிக்கைகள் பூச்சியக் கோட்டைத் தாண்டி மேலே வருகின்றன. இடக்கைப் பக்கத்தில் மேலேயிருந்தவை கீழே போய்விடுகின்றன. மொத்த மின்னேற்றம் மாறவில்லை. வலக்கையின் எண்ணிக்கை கூடிவிட்டது, இடக்கையின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. எந்தத் துணிக்கையும் தன் கையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அடியே இல்லாத கடலிலிருந்து மட்டம் ஏறி இறங்கியதுதான் நடந்தது.

மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கும்போது மட்டுமே இது நடக்கும். செங்குத்தாக இருந்தால் விளைவு பூச்சியம்.

சரி, அந்தக் காந்த விளைவு எங்கே வருகிறது?

மேலே சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். மின்புலத்தை எடுத்துவிடுங்கள், காந்தப்புலம் மட்டும் இருக்கட்டும். வலக்கையும் இடக்கையும் சம அளவில் இருந்தால் ஒரு பக்கம் போவதும் மறுபக்கம் போவதும் வெட்டுப்பட்டு மின்னோட்டம் இராது. வலக்கை கொஞ்சம் அதிகம் என்றால்? நேர் ஏற்றமுள்ள வலக்கைத் துணிக்கை புலத்தின் வழியே ஓடும். மறை ஏற்றமுள்ளதற்குச் சுழற்சி புலத்துக்கு எதிர்த் திசையில் இருப்பதால், அந்த வலக்கைத் துணிக்கை எதிரே ஓடும். நேர் ஏற்றம் ஒரு பக்கமும் மறை ஏற்றம் மறுபக்கமும் போனால் இரண்டும் சேர்ந்து ஒரே திசை மின்னோட்டம். மின்புலம் இல்லாமலே, காந்தப்புலத்தின் திசையிலேயே ஒரு மின்னோட்டம்! ஓமின் விதியோடு வளர்ந்த நமக்கு இது அபத்தமாகத் தெரியும்.

கணக்கு மிகச் சின்னது. ஓட்ட அடர்த்தி, கைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வுக்கும் காந்தப்புலத்துக்கும் நேர்விகிதசமம்; முன்னால் நிற்கும் மாறிலி e²/2π². பிளாஸ்மாவின் ஒட்டுமை, அடர்த்தி எதுவும் அந்த மாறிலிக்குள் நுழைவதில்லை. பிறழ்வு அதை அந்தப் பெறுமதியில் கட்டிவைத்திருக்கிறது.

பார அயன் மோதல்களில் இதைத் தேடலாம் என்ற எண்ணத்தை டிமிட்ரி கார்சேவ், லரி மக்லெரன், ஹார்மன் வாரிங்கா ஆகியோர் 2008 அளவில் முழு உருவத்தில் எழுதினார்கள். கென்ஜி புக்குஷிமாவோடு சேர்ந்த கட்டுரையும் அதே காலத்தது. காந்தப்புலத்தில் இப்படி ஒரு மின்னோட்டம் வரலாம் என்று அலெக்சாண்டர் விலென்கின் 1980இலேயே எழுதியிருந்தார், வேறொரு சூழலில்.

வலக்கை அதிகமாக வருவதற்கு யார் காரணம்?

மறுபடி பிறழ்வுதான். குளுவோன் புலத்துக்கும் மின்பகுதி, காந்தப்பகுதி என்று உண்டு. பிளாஸ்மாவின் சூட்டில் சில இடங்களில் அவை இரண்டும் சமாந்தரமாக முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் குவார்க்குகளின் கை ஏற்றத்தாழ்வு பிறக்கும். எந்தக் கை கூடும் என்பது தற்செயல். ஒரு மோதலில் வலம், அடுத்த மோதலில் இடம். இலட்சம் மோதல்களின் சராசரியை எடுத்தால் பூச்சியம்தான்.

இந்தத் தற்செயல்தான் அளப்பவர்களின் தலைவலி முழுவதற்கும் வேர். மின்னோட்டம் எப்போதும் ஒரே பக்கம் பாய்ந்தால் 2000களிலேயே கதை முடிந்திருக்கும்.

அவ்வளவு பெரிய காந்தம் மோதலுக்குள் எப்படி வருகிறது? காந்தத்தை வெளியிலிருந்து வைக்கிறார்களா?

வெளியிலிருந்து வைப்பதல்ல. கருக்கள் நடுவோடு நடு மோதாமல் சற்று விலகி மோதினால், மோதாத பகுதியில் இருந்த புரோத்தன்கள் நேரே பறந்துபோகும். அவை ஓடும் மின்னேற்றங்கள். ஓடும் ஏற்றம் என்றால் காந்தப்புலம். உயர்தரத்தில் படித்த பயோ–சவா விதியை வைத்தே பருமட்டாகப் போட்டுப் பார்க்கலாம். தங்கக் கருவின் 79 புரோத்தன்கள், 7 பெம்ரோமீற்றர் (7 × 10⁻¹⁵ மீற்றர்) தூரம், ஒளியின் வேகம்: B = 10⁻⁷ × 79e × c / r² என்று பிரதியிட்டால் 8 × 10¹² தெசுலாவுக்குக் கிட்ட வரும். சார்புக் கொள்கையின்படி இதை இன்னும் சுமார் நூறால் பெருக்கவேண்டும், ஏனென்றால் இந்தச் சக்தியில் தங்கக் கருவின் லோரன்சுக் காரணி அவ்வளவு. எல்லாப் புரோத்தன்களும் ஒரே புள்ளியில் இல்லாததால் கொஞ்சம் குறையும். முழுக் கணக்கும் 10¹⁴ முதல் 10¹⁵ தெசுலா என்ற அளவில்தான் வந்து நிற்கிறது.

வைத்தியசாலை எம்.ஆர்.ஐ. இயந்திரம் 1.5 அல்லது 3 தெசுலா. மக்னிற்றார் எனப்படும் நியூத்திரன் விண்மீன்கள், வானத்தில் அறியப்பட்டவற்றில் மிக வலுவான காந்தங்கள், 10¹⁰, 10¹¹ தெசுலா. மோதலில் பிறப்பது அதற்கும் ஆயிரம் மடங்குக்கு மேல்.

ஒரு குறை உண்டு. கருக்கள் ஒன்றையொன்று கடந்து போனதும் புலம் படுத்துவிடும்; பிளாஸ்மாவின் ஆயுளிலும் மிகச் சின்ன நேரம். பிளாஸ்மா மின்கடத்தி என்பதால், பரடேயின் தூண்டல் விதிப்படி, மறையும் புலத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். எவ்வளவு நேரம் என்பதில்தான் கோட்பாட்டாளர்களின் கணக்குகள் பெரிதாக வேறுபடுகின்றன. ரிக்கில் வேலை செய்த ஸ்டார் குழு, நேர், மறை ஏற்றத் துணிக்கைகளின் விலகலில் இந்தத் தூண்டலின் அடையாளத்தைக் கண்டதாக 2024இல் வெளியிட்டது. புலம் பிளாஸ்மாவைத் தொட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி.

எப்படி அளக்கிறார்கள்?

செர்கெய் வொலோஷின் 2004இல் ஒரு வழி சொன்னார். மோதல் தளம் என்று ஒன்று உண்டு: கருக்கள் ஓடும் திசையும், அவற்றின் மையங்களை இணைக்கும் கோடும் அடங்கிய தளம். காந்தப்புலம் அநேகமாக அதற்குச் செங்குத்து. ஒவ்வொரு மோதலிலும் வெளியே வரும் துணிக்கைகளைச் சோடி சோடியாக எடுத்து, ஒரே ஏற்றச் சோடிகள் தளத்துக்குச் செங்குத்தாக ஒரே பக்கம் போகின்றனவா, எதிர் ஏற்றச் சோடிகள் எதிர்ப்பக்கங்களுக்குப் போகின்றனவா என்று கோணங்களின் கோசைனை வைத்துப் பார்க்கலாம். சோடியாக எடுப்பதால் 'எந்தப் பக்கம்' என்ற குறி அழிந்துவிடும். தற்செயலான வலம்–இடம் சராசரியில் வெட்டுப்படாது.

2009இல் ஸ்டார் குழு அளந்து பார்த்தது. எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த அளவுக்கு ஒத்ததாக, பத்தாயிரத்தில் சில பங்கு என்ற ஒரு வேறுபாடு தெரிந்தது. குதூகலமான நாட்கள் அவை. ஆனால் அந்தக் கட்டுரையே "வேறு காரணமும் இருக்கலாம்" என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது.

வேறு காரணம் என்ன? குறி அழிந்தது ஒரு பக்கம் வசதி, மறுபக்கம் ஆபத்து. ரோ என்ற துணிக்கை ஒரு நேர் பையோனாகவும் ஒரு மறைப் பையோனாகவும் சிதைகிறது. அந்தச் சோடி இயல்பாகவே ஒன்றோடொன்று தொடர்புபட்டது. பிளாஸ்மாவோ நீள்வட்டமாக விரிகிறது, தளத்தின் திசையில் கூடுதலாக. இந்த இரண்டும் சேர்ந்தாலே, பிறழ்வு எதுவும் இல்லாமல், அதே மாதிரியான அளவீடு வந்துவிடும்.

2017இல் சேர்னின் சி.எம்.எஸ். குழு ஒரு புரோத்தனை ஈயக் கருவோடு மோதவிட்ட தரவில் இதையே அளந்தது. அப்படியான மோதலில் காந்தப்புலத்தின் திசைக்கும் அளக்கும் தளத்துக்கும் தொடர்பு இல்லை. விளைவு தெரியவே கூடாது. தெரிந்தது! ஈயம்–ஈயம் மோதலில் கிடைத்ததற்குக் கிட்டிய அளவிலேயே தெரிந்தது. அப்படியென்றால் அதுவரை கண்டதில் பெரும்பங்கு பின்னணிதான். என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் மிகக் கூர்மையான கேள்வி இதுதான்: விளைவு இருக்க முடியாத இடத்தில் போய் அளந்து பார்த்தது.

ருத்தேனியம்–சிர்க்கோனியம் பரிசோதனை என்கிறார்களே, அது என்ன?

இரணைமடுவின் கீழ் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே விதைநெல், ஒரே நாள் விதைப்பு, ஒன்றுக்கு மட்டும் ஒரு பசளை கூட. விளைச்சலில் வித்தியாசம் வந்தால் அது பசளையால் என்று சொல்லலாம். ரிக்கில் செய்ததும் இதுதான். ருத்தேனியம்-96, சிர்க்கோனியம்-96 இரண்டிலும் புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்து 96. ருத்தேனியத்தில் 44 புரோத்தன், சிர்க்கோனியத்தில் 40. மொத்தப் பருமன் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பிளாஸ்மாவும் பின்னணியும் ஒன்றாக இருக்கவேண்டும். காந்தப்புலம் மட்டும் ருத்தேனியத்தில் கூட. விளைவு புலத்தின் வர்க்கத்தோடு போவதால் 15 சதவீத அளவு வேறுபாட்டை எதிர்பார்த்தார்கள். சமிக்ஞை ருத்தேனியத்தில் கூடவேண்டும்.

2018இல் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்ற மாதிரி, கருவியின் குணம் நாட்பட மாறினாலும் இரண்டையும் சமமாகப் பாதிக்கட்டும் என்று. தேர்ந்தெடுத்த பிறகு ஒவ்வொன்றிலும் சுமார் 200 கோடி மோதல்கள் மிஞ்சின. பகுப்பாய்வு கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது: எது ருத்தேனியம், எது சிர்க்கோனியம் என்று ஆய்வாளர்களுக்கே தெரியாமல் தரவைக் கலந்து கொடுத்தார்கள். ஐந்து குழுக்கள் தனித்தனியாக. என்ன வந்தால் 'ஆம்' என்பது என்றும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள்.

2021 ஓகஸ்டு கடைசியில் முடிவு வெளிவந்தது. ருத்தேனியத்தைச் சிர்க்கோனியத்தால் வகுத்த விகிதம் 1க்கு மேலே போகவேண்டும். 1க்குக் கீழே வந்தது.

கீழே என்றால் விளைவு எதிர்மாறா?

அப்படி இல்லை. வயல்களின் பரப்பு ஒன்றல்ல என்பது அறுவடைக்குப் பிறகு தெரிந்த மாதிரி. சிர்க்கோனியத்தில் 56 நியூத்திரன், ருத்தேனியத்தில் 52. கூடுதல் நியூத்திரன்கள் வெளிப்புறத்தில் ஒரு தோலாகப் பரவுவதால் சிர்க்கோனியக் கரு சற்றுப் பருத்தது. அதனால் ஒரே வகை மோதலில் ருத்தேனியம் சில சதவீதம் கூடுதல் துணிக்கைகளை உமிழ்கிறது. துணிக்கைகள் கூடினால் சோடிகளின் தொடர்பு ஐதாகிவிடும், அளவீடு குறையும். ஆகவே ஒப்பிடவேண்டிய அடிக்கோடு 1 அல்ல, 1க்குச் சற்றுக் கீழே.

அடிக்கோட்டைத் திருத்திக் கணக்கிட்ட பின்னரும் விளைவு வெளிப்படவில்லை. ஒரு மேல் எல்லை மட்டும் கிடைத்தது: இந்த மோதல்களில் அளந்த வேறுபாட்டில் பிறழ்வின் பங்கு, 95 சதவீத நம்பிக்கையோடு, சுமார் 10 சதவீதத்துக்கு உட்பட்டது.

இவ்வளவு செலவழித்து ஒன்றும் வரவில்லையா?

இதைக் கேட்டவர் ஒரு வர்த்தகப் பாட ஆசிரியர், வேறு யார் கேட்பார்கள்!

இரண்டு விடயம் கையில் கிடைத்தன. ஒன்று, அந்த மேல் எல்லை. இரண்டாவது, எதிர்பாராத ஒன்று: இரண்டு கருக்களின் வடிவமும் நியூத்திரன் தோலும் இந்த மோதல் தரவிலிருந்தே தெரியவந்தன. கருக்களின் உருவத்தை உயர்சக்தி மோதலால் படிக்கலாம் என்ற ஒரு வழி அதனால் பலப்பட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'ஆம்' என்று சொல்ல ஆசைப்பட்ட ஒரு பெருங்குழு, விடையைப் பார்க்குமுன் விதியை எழுதி, விடை பாதகமாக வந்ததும் அதை அப்படியே வெளியிட்டது. விகிதம் 1க்குக் கீழே வந்ததன் காரணத்தைப் பிறகு விளக்கினார்களே தவிர, பழைய விதியை அழித்து எழுதவில்லை. கருதுகோள், பரிசோதனை என்று நாம் பாடப்புத்தகத்தில் எழுதிப் படிப்பதைப் பெரிய அளவில் செய்துகாட்டினார்கள்.

தங்கம்–தங்கம் மோதல்களில் கதை வேறு. அங்கே புலமும் பெரிது, துணிக்கைகள் அதிகம் என்பதால் பின்னணியும் ஐது. 2022இல் ஸ்டார் வெளியிட்ட பகுப்பாய்வில், ஒரு குறிப்பிட்ட வகை மோதல்களில் பூச்சியமல்லாத பங்குக்கு 1 முதல் 3 சிக்மா அளவில் ஒரு சாடை தெரிந்தது (சிக்மா என்பது அளவீட்டின் நியம விலகல்). துணிக்கைப் பௌதிகவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். 2023இலும் 2025இலும் சேர்த்த தங்கத் தரவு இதற்குப் பதில் சொல்லக்கூடும். எல்.எச்.சி.யில் சக்தி கூட என்பதால் வாய்ப்பும் கூட என்று நினைக்கவேண்டாம். அங்கே புலம் உச்சத்தில் பெரிதுதான், ஆனால் கருக்கள் இன்னும் விரைவாகக் கடந்துபோவதால் இன்னும் விரைவாக மறைந்துவிடும்.

கொக்கிளாயில் இருந்து: எங்கள் பக்கத்துப் புல்மோட்டை மணலில் உள்ள சிர்க்கோனும் இதுவும் ஒன்றா?

மூலகம் ஒன்றுதான். சிர்க்கோன் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேற்று. புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்று, உரூற்றைலோடு அதுவும் இருக்கிறது. இயற்கைச் சிர்க்கோனியத்தில் 96ஆம் சமதானி சுமார் 2.8 சதவீதம், மோதலுக்கு அதைப் பிரித்தெடுக்கவேண்டும். ருத்தேனியத்தில் 96 சுமார் 5.5 சதவீதம்.

நீங்கள் கேட்டதால் இன்னொன்று. சிர்க்கோனியத்துக்கு இந்தக் கதையில் இரண்டு வேடம். சிர்க்கோனியமும் தெலூரியமும் சேர்ந்த ஒரு பளிங்கில், 1க்கு 5 என்ற விகிதத்தில் அணுக்கள் உள்ளது, இலத்திரன்கள் திணிவில்லாத துணிக்கைகளாக நடந்துகொள்ளும். அதற்கு மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் சமாந்தரமாகக் கொடுத்தால், மேலே சொன்ன மட்டம் ஏறி இறங்கும் வேலை நடந்து, கை ஏற்றத்தாழ்வு உண்டாகி, மேலதிக மின்னோட்டம் பாயும். காந்தப்புலம் கூடக் கூடத் தடை குறையும்! சாதாரண உலோகத்தில் இப்படி நடப்பதில்லை. புரூக்கேவனிலேயே, கார்சேவும் பங்குபற்றிய குழு இதை அளந்து 2016இல் வெளியிட்டது. சோடியமும் பிசுமதும் சேர்ந்த இன்னொரு பளிங்கில் பிரின்சுட்டன் குழு 2015இலேயே இதைப் போன்ற நடத்தையைக் கண்டிருந்தது. ஆகவேதான் முதலிலேயே சொன்னேன், கோட்பாட்டில் சந்தேகமில்லை என்று. மோதலில் சந்தேகம் எதிலென்றால், புலம் போதிய நேரம் நிற்கிறதா, ஏற்றத்தாழ்வு போதிய அளவு பிறக்கிறதா என்பதில்.

பிளாஸ்மா சுழல்கிறது என்றும் படித்தேன். அதுவும் இதுதானா?

உறவுக்காரர், ஆனால் வேறு ஆள். விலகி மோதும் கருக்கள் பெரிய கோண உந்தத்தைப் பிளாஸ்மாவுக்குக் கொடுக்கின்றன. 2017இல் ஸ்டார் குழு லம்டா துணிக்கைகளின் சுழற்சி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அளந்து, பிளாஸ்மா செக்கனுக்குச் சுமார் 10²² என்ற அளவில் சுழல்கிறது என்று காட்டியது. அது உறுதியான முடிவு, ஆனால் அதற்குப் பிறழ்வு தேவையில்லை. காந்தப்புலத்தின் இடத்தில் சுழலை வைத்தால் இன்னொரு பிறழ்வு விளைவு வரும் என்று கோட்பாடு சொல்கிறது. அதைத் தனியே பிரித்துக் காட்டுவது இன்னும் நடக்கவில்லை.

ஆபத்து?

இல்லை. ஒரு தங்க மோதலின் மொத்தச் சக்தி சுமார் 6 மைக்குரோயூல். ஒரு கிராமை அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலே தூக்கப் போதும். சூடு பயங்கரம், அளவு சொற்பம்.

இது தெரிந்து யாருக்கு என்ன பயன்?

நாளைக்கு ஒரு பொருள் செய்து விற்க என்றால், பளிங்குப் பக்கத்தில் இழப்பின்றி மின்னோட்டம் செலுத்தும் கருவிகள் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு அவசரம் இல்லை.

பெரிய காரணம் வேறு. பிரபஞ்சத்தில் சடம் இருக்கிறது, எதிர்ச்சடம் அநேகமாக இல்லை. இது எப்படி வந்தது என்பதற்குத் தேவையான நிபந்தனைகளை அந்திரே சகாரொவ் 1967இல் எழுதினார். அதில் ஒன்று, பேரியோன்களின் (புரோத்தன், நியூத்திரன் போன்றவற்றின்) எண்ணிக்கை காக்கப்படாத ஒரு நிகழ்வு வேண்டும் என்பது. 1976இல் ஜெரார்டு 'ற் கூப்ட், மெல்விசைப் (பீற்றாச் சிதைவுக்குக் காரணமான விசை) புலத்தில் பிறழ்வு அந்தக் காப்பை உடைக்கிறது என்று காட்டினார். அது தாராளமாக நடக்கத் தேவையான சூடு இன்று எந்த ஆர்முடுக்கிக்கும் எட்டாது. அதே வகைக் கணிதத்தின் தம்பி ஒன்று குளுவோன் புலத்தில் இருக்கிறது. அதற்கான சூடு ரிக்கில் கிடைத்தது. முறுக்கிய புலம் கைத்தன்மையை உண்மையில் மாற்றுகிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கக் கிடைக்கும் ஒரே சூடான இடம் இந்தப் பிளாஸ்மா.

எங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தத் துறைக்குப் போக முடியுமா, சேர்?

முடியும், ஆனால் சுற்றுவழி. பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் முதல் படி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் விஞ்ஞானப் படிப்பு இருக்கிறது. மேற்படிப்புக்கு வெளியேதான் போகவேண்டும். கொல்கத்தாவில் உள்ள சைக்குளோட்ரோன் நிலையம் ஸ்டார் குழுவுக்கும் சேர்னின் அலிஸ் குழுவுக்கும் போட்டன் உணரி செய்துகொடுத்தது, ஆகவே அமெரிக்கா, ஐரோப்பா மட்டும்தான் வழி என்று நினைக்கவேண்டாம். சேர்னின் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு உறுப்பு நாடல்லாத நாடுகளிலிருந்தும் எடுக்கிறார்கள்.

இப்போதே தொடங்கவேண்டுமென்றால் மடிக்கணினி ஒன்று போதும். சேர்ன் தன் தரவில் ஒரு பகுதியை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது, பார அயன் மோதல்களும் அதில் உண்டு. 'ரூட்' என்ற பகுப்பாய்வு மென்பொருள் இலவசம். பைதன் கொஞ்சம் தெரிந்திருந்தால், 100 நேர், 100 மறைத் துணிக்கைகளை எழுமாறாகத் திசைகளில் போட்டு, வொலோஷினின் கோசைனைக் கணக்கிடும் சின்ன நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள். பிறகு அவற்றில் சிலவற்றை ரோவின் சோடிகளாக மாற்றி, தளத்தின் திசையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறழ்வே இல்லாமல் சமிக்ஞை வரும். கணிதத்தில் சிக்கலெண்ணும் திரிகோண கணிதமும் கையில் இருந்தால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நிரலை எழுதியவர்கள் எனக்கு அனுப்புங்கள், பிழை இருந்தால் சேர்ந்து பார்க்கலாம்.